பொன் தேடிய மலை

ஏட்டைப் படித்துப் பெறும் அறிவு ஒருவகை. நாட்டைச் சுற்றிக் கண்டு பெறும் அறிவு மற்றொருவகை. முன்னது ஊரின் பெயரையும் ஆண்டையும் தரும். பின்னது அவ்வூரின் மண்ணையும் மழையையும் மக்களையும் நம் கண்முன் நிறுத்தும். நீலகிரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் தேவாலா, பந்தலூர் என இரண்டு ஊர்கள் உள்ளன. 140 ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வூர்களின் மண்ணில் பொன் உண்டு எனச் சொல்லி இலண்டன் மாநகரில் பங்குகள் விற்கப்பட்டன. இன்று அக்கதையை அறிந்தோர் நம் நாட்டிலேயே சிலர்தாம். சென்ற அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் அவ்வூர்களைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

எங்கள் ஊர் அன்னூர். அது கோயம்புத்தூரிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது. எங்கள் ஊர் வழியே ஆறு எதுவும் ஓடவில்லை. மேற்கே மலை நின்று மழை மேகங்களைத் தடுத்துக்கொள்வதால் மழையும் குறைவு. சோளமும் நிலக்கடலையும் மானாவாரியாக விளையும். கிணறு உள்ள தோட்டங்களில் வாழை பயிராகும். எங்கள் பாட்டனார் காலத்தில் கிணறுகள் நூறு அடிக்குள் நீர் தந்தனவாம். இன்று ஆயிரம் அடிக்குக் கீழும் துளை போடுகின்றனர். எங்கள் தோட்டத்தில் மூன்று ஆழ்துளைக் கிணறுகள் போட்டோம். மூன்றாவது கிணற்றுக்காக என் தாயார் தமது ஐந்து பவுன் சங்கிலியை விற்றுக் கொடுத்தார். ஆயிரத்து இருநூறு அடி சென்றும் அத்துளையிலிருந்து பாறைத் தூளே பறந்தது.

அந்நிலையில் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. என் தந்தையாரே செய்தியை அறிந்து என்னை அழைத்தார். "கண்ணு, கிணற்றில் போட்ட பணத்தோடு பார்த்தால் இது எம்மாத்திரம்? நீ போய் நன்றாகப் பார்த்து வா" என்று சொல்லிப் பணத்தை என் கையில் வைத்தார்.

விடியுமுன் மன்னீசுவரர் கோயிலருகே அனைவரும் கூடினோம். எங்கள் வரலாற்றாசிரியர் எங்களை எண்ணிப் பார்த்து வண்டியில் ஏற்றினார். பொழுது புலரும் வேளையில் மேட்டுப்பாளையத்தை அடைந்தோம். அங்கே பவானியாறு நுரைத்து ஓடிக்கொண்டிருந்தது. வறண்ட நிலத்திலிருந்து வந்த எங்களுக்கு அக்காட்சி பெருவிருந்தாயிற்று. வண்டியை நிறுத்தச் சொல்லிப் பாலத்தின்மேல் நின்று பார்த்தோம். "ஐயா, இவ்வளவு அருகில் ஓடும் ஆற்றின் நீர் நம்மூருக்கு ஏன் வருவதில்லை?" என்று என் தோழன் வினவினான். "ஆறு பள்ளத்தில் ஓடுகிறது, நம்மூர் மேட்டில் இருக்கிறது. இக்கேள்விக்குரிய முழு விடையைத் திரும்பிய பின் நம்மூரிலேயே காட்டுகிறேன்" என்று ஆசிரியர் கூறினார்.

கல்லாற்றுப் பாக்குத் தோப்புகளைக் கடந்ததும் மலைப்பாதை தொடங்கிற்று. பல்சக்கரத்தின் துணையால் மலையேறும் புகைவண்டி 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் ஓடத் தொடங்கியதை ஆசிரியர் எடுத்துரைத்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு அதன் வழி 46 கிலோமீட்டர். உதகையில் சிறிது இளைப்பாறிவிட்டுக் கூடலூர்ச் சாலையில் சென்றோம். வழியில் பைக்காரா நீர்த்தேக்கம் வெயிலில் மின்னிற்று. 1932-இல் அங்கு நீரிலிருந்து மின்சாரம் எடுத்தனர். அம்மின்சாரமே கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகள் பெருகுவதற்குத் துணைநின்றது. அடுத்து வந்த நடுவட்டத்தில், மலைக்காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினாவுக்காக முற்காலத்தில் சிங்கோனா மரங்களைப் பயிரிட்டனர்.

நடுவட்டத்தைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து கீழிறங்கியது. குளிர் குறைந்தது, காற்றில் ஈரம் மிகுந்தது. உதகையிலிருந்தும் மைசூரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வரும் சாலைகள் கூடும் இடமே கூடலூர். அங்கிருந்து மேற்கே நாடுகாணியை அடைந்தோம். பெயருக்கேற்ப அங்கு நின்றால் மலைச்சரிவின் கீழே நிலம்பூர்ச் சமவெளி நெடுந்தொலைவு பரந்து தெரிகின்றது. அதனை அடுத்தே தேவாலாவும் பந்தலூரும் உள்ளன. எங்கு நோக்கினும் தேயிலைத் தோட்டங்கள், அவற்றினிடையே சோலைகள், ஒவ்வொரு மடிப்பிலும் ஓர் ஓடை. தமிழ்நாட்டில் மழை மிகுதியாகப் பெய்யும் இடங்களுள் தேவாலாவும் ஒன்று. ஆண்டு முழுவதும் வானத்தைப் பார்த்து நிற்கும் ஊரினராகிய நாங்கள் அப்பசுமையைக் கண்டு பேச்சற்று நின்றோம்.

தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் எங்களுக்கு வழிகாட்டினார். தோட்டத்தின் ஓரமாகச் சென்ற ஒற்றையடிப் பாதை ஒரு சோலைக்குள் புகுந்தது. அங்கே பாறையைக் குடைந்த பெருவாய் ஒன்று இருண்டு கிடந்தது. அதன் விளிம்பில் பெரணிச் செடிகள் அடர்ந்திருந்தன. உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது. ஒருவன் கல்லெடுத்து எறிந்தான். சிறிது நேரம் கழித்து நீரில் விழும் ஓசை கேட்டது.

"தம்பி, அருகில் போகாதே! இதுபோன்ற குழிகள் இக்காட்டில் பல இருக்கின்றன. எல்லாம் வெள்ளைக்காரன் பொன்னுக்காகத் தோண்டியவை" என்றார் முதியவர்.

குழியிலிருந்து விலகி ஒரு மரநிழலில் அமர்ந்தோம். ஆசிரியர் அவ்விடத்தின் வரலாற்றைக் கூறலானார்.

"கொங்கு நாட்டுக்கும் பொன்னுக்கும் உள்ள தொடர்பு பழையது. கொங்கிலிருந்து கொண்டுவந்த பொன்னால் சோழ மன்னன் தில்லைச் சிற்றம்பலத்துக்குக் கூரை வேய்ந்தான் என்று நம்பியாண்டார் நம்பி பாடியுள்ளார். இம்மலைப் பகுதியிலோ குறும்பர், பணியர் முதலிய பழங்குடி மக்கள் ஓடை மணலை அரித்துப் பொன் துகள் எடுத்து வந்தனர். பொன் நீரைவிடப் பத்தொன்பது மடங்கு கனமானது. மணலையும் நீரையும் மரத்தட்டில் இட்டுச் சுழற்றினால் மணல் வழிந்தோடும். பொன் துகள் அடியில் தங்கும். நாள் முழுவதும் அரித்தாலும் கிடைப்பது சிறிதே. ஆயினும் உழவில்லாத நாள்களில் அது கூலிக்கு ஒப்பாயிற்று.

"ஓடையில் பொன் இருந்தால் அது எங்கிருந்து வந்தது? மலைப்பாறையிலிருந்தே வந்திருக்க வேண்டும். பாறை வெடிப்புகளில் குவார்ட்சு எனப்படும் வெண்கல் நரம்புபோல் ஓடுகின்றது. அதனுள் பொன் மிக நுண்ணிய துகள்களாகச் சிதறிக் கிடக்கும். மழை பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறையைக் கரைத்து அதனை ஓடையில் சேர்த்தது. எனவே பாறையையே உடைத்தால் பெரும்பொருள் கிடைக்கும் என்று ஆங்கிலேயர் கருதினர்.

"அவ்வெண்ணம் தோன்றுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. இப்பகுதியில் அவர்கள் காப்பித் தோட்டங்கள் அமைத்திருந்தனர். 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தண்டு துளைக்கும் பூச்சியும் இலைநோயும் காப்பிச் செடிகளை அழித்தன. கடன்பட்ட தோட்டக்காரர்கள் செடிக்கு மேலே கிடைக்காத செல்வத்தை வேருக்குக் கீழே தேடினர். 1874-ஐ ஒட்டி ஆல்பா என்னும் கம்பெனி பாறையை இடித்துப் பொன் எடுக்க முயன்றது. பின்னர் அரசாங்கம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலிருந்து புரோ ஸ்மித் என்ற சுரங்க வல்லுநரை வரவழைத்தது. விக்டோரியாவில் 1851 முதல் பொன் மிகுதியாகக் கிடைத்து வந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். 1879-இல் அவர் அளித்த அறிக்கை இம்மலையில் பொன் நரம்புகள் பல உண்டெனக் கூறிற்று. அவ்வளவுதான், இலண்டனில் பொன்வெறி மூண்டது.

"ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் தோன்றின. அவற்றின் மூலதனம் 40 இலட்சம் பவுனுக்கு மேல். அழிந்துபோன காப்பித் தோட்டங்கள் பொன்விலைக்கு விற்கப்பட்டன. பெரும் இயந்திரங்கள் கப்பலில் வந்திறங்கி, மலைச்சாலை வழியே இழுத்து ஏற்றப்பட்டன. பந்தலூரில் விடுதிகளும் குதிரைப் பந்தயத் திடலும் எழுந்தன. பாறையில் எவ்வளவு பொன் உள்ளது என்பதைப் பொறுமையுடன் அளந்தறியுமுன் ஆலையும் மாளிகையும் கட்டினர். அங்கேதான் பிழை நேர்ந்தது."

"அறிக்கை பொய்யோ, ஐயா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பொய்யன்று, அம்மா. பொன் உண்டு என்பது உண்மை. ஆனால் 'உண்டு' என்பது வேறு. 'எடுத்தால் கட்டுபடியாகும்' என்பது வேறு. சோதனைக்கு எடுத்த சில கற்களில் பொன் மிகுந்திருக்கலாம். மலை முழுவதும் அவ்வாறே இருக்கும் என்று எண்ணலாமா? வெண்கல்லை இரும்பு உலக்கைகளால் இடித்துத் தூளாக்கி, பாதரசம் பூசிய தட்டின்மேல் நீரோடு ஓடவிடுவர். பொன் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். இங்குள்ள பொன்னிலோ ஒரு பகுதி கந்தகமும் இரும்பும் கலந்த கனிமத்தோடு பிணைந்திருந்தது; அது பாதரசத்துக்கு அகப்படவில்லை. சயனைடு கரைசலால் பொன்னைப் பிரிக்கும் முறை 1887-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. மழைக்காலத்தில் சுரங்கங்களில் நீர் புகுந்தது. மலைக்காய்ச்சல் தொழிலாளரை வாட்டிற்று. கிடைத்த பொன்னின் விலை செலவுக்குப் போதவில்லை. 1882 முதல் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. 1901-இல் நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹேடனும் ஹாட்சும் வெளியிட்ட அறிக்கை இம்முயற்சியில் நம்பிக்கை வைக்க இடமில்லை எனக் காட்டிற்று."

ஆசிரியர் சிறிது நிறுத்திவிட்டு மேலும் கூறினார். "பொன் மிகுதியாகக் கிடைத்த இடத்தின் முடிவையும் அறிந்துகொள்ளுங்கள். கோலாரில் ஜான் டெயிலர் கம்பெனி 1880-இல் வேலையைத் தொடங்கிற்று. அதுவும் முதலில் தோல்வி காணும் நிலையிலேயே இருந்தது. 1885-இல் வளமான நரம்பு அகப்பட்டது. தமிழகத்தின் வட மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அங்கே சென்று உழைத்தனர். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகச் சென்ற அச்சுரங்கங்களில் பாறை வெடித்து மாண்டோர் பலர். கல்தூசியால் நுரையீரல் கெட்டோர் பலர். ஏறத்தாழ 800 டன் பொன் வெளிவந்தது. செலவு வரவை விஞ்சியதும் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. எடுக்கக் குறைவதே கனிமத்தின் இயல்பு."

அவர் பேசும்போது என் கண்கள் அக்குழியையே நோக்கியிருந்தன. என் நினைவோ எங்கள் தோட்டத்து மூன்றாவது துளைக்குச் சென்றது. இங்கே வந்தவர்கள் பொன்னை அடைவதற்காகச் சுரங்கத்து நீரை இறைத்து வெளியே கொட்டினர். எங்கள் ஊரில் நீரை அடைவதற்காகப் பொன்னை விற்றுத் துளையில் கொட்டுகின்றோம். என் தாயாரின் வெறுங்கழுத்து என் கண்முன் தோன்றிற்று. நான் அதனை ஒருவரிடமும் கூறவில்லை.

முதியவர் என் முகவாட்டத்தைக் கண்டார் போலும். "என்ன தம்பி, பொன் கிடைக்கவில்லையே என்று வருத்தமா?" என்று சிரித்தார். பின்பு தம் வரலாற்றைக் கூறினார். அவர் பிறந்தது இலங்கையின் மலைநாட்டில். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அங்கிருந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளரில் பல இலட்சம் பேர் இந்தியாவுக்கு வரவேண்டியவராயினர். அவர்களுக்கு வேலை தருவதற்காகத் தமிழ்நாட்டு அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை அமைக்கத் தொடங்கிற்று. அதுவே பின்னர் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று.

"கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியபோது என் கையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது, வேறொன்றும் இல்லை. இங்கே வந்து மண்ணைக் கொத்திச் செடி வைத்தோம். அட்டை கடித்தது, குளிர் வாட்டிற்று, யானை குடிசையைத் தள்ளிற்று. செடி தழைக்கச் சில ஆண்டுகள் ஆயின. அந்தச் செடிதான் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. கூலி குறைவுதான், குறை சொல்ல ஆயிரம் உண்டு. ஆனாலும் கிள்ளக் கிள்ளக் கொழுந்து வருகிறது. அந்தக் குழியில் ஒருமுறை எடுத்தது மறுமுறை வருமா?" என்று அவர் கேட்டார்.

சிறிது நேரம் கழித்துத் தாழ்ந்த குரலில் அவர் வேறொன்றும் சொன்னார். வறுமையாலும் ஆசையாலும் சிலர் இன்றும் சட்டத்துக்கு மாறாக இப்பழைய குழிகளில் மறைவாக இறங்குகின்றனராம். மண் சரிந்தும் மூச்சு முட்டியும் அவர்களுள் சிலர் மாண்டதுண்டு. கம்பெனிகள் போயினும் அவை விட்டுச்சென்ற குழிகள் இன்னும் உயிர்களை வாங்குகின்றன. அதைக் கேட்டபோது அக்குழியின் குளிர்காற்று முன்னைவிட மிகுதியாக உறைத்தது.

மாலையில் பந்தலூர்க் கடைவீதியில் நடந்தோம். தமிழும் மலையாளமும் கன்னடமும் ஒருங்கே காதில் விழுந்தன. பந்தயக் குதிரைகள் ஓடிய ஊரில் தேயிலை மூட்டை ஏற்றிய வண்டிகள் ஓடின. இப்பகுதி ஆறுகள் மேற்கே பாய்ந்து சாலியாற்றில் கலந்து அரபிக்கடலை அடைகின்றன. பாண்டியாறு, புன்னம்புழா ஆகியவற்றின் நீரில் ஒரு பகுதியைக் கிழக்கே திருப்பிப் பவானியில் சேர்க்க வேண்டும் எனக் கொங்கு நாட்டு உழவர் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர். இரு மாநிலங்களும் ஒத்து முடிவு செய்யவேண்டிய செய்தி அது. ஆங்கிலேயர் இவ்வோடைகளில் பொன்னைத் தேடினர். நம்மவர் இவ்வோடைகளையே பொன்னாக எண்ணுகின்றனர்.

மறுநாள் ஊர் திரும்பினோம். ஆசிரியர் தாம் வாக்களித்தபடி எங்களை அன்னூரில் உள்ள நீரேற்று நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். அத்திக்கடவு - அவினாசித் திட்டம் கொங்கு மக்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுப் பெற்றது. 2024 ஆகஸ்டு 17 அன்று அது தொடங்கி வைக்கப்பட்டது. காளிங்கராயன் அணைக்கட்டில் மிகுந்து வழியும் பவானி நீர் அங்கிருந்து குழாய்களில் ஏற்றப்படுகின்றது. ஆறு நிலையங்கள் அந்நீரை மேட்டுக்கு மேடு தள்ளுகின்றன. ஆறாவது நிலையம் எங்கள் அன்னூர். மேட்டுப்பாளையத்தில் நாங்கள் கண்ட அதே ஆறு, பவானிசாகரில் தங்கி, ஈரோட்டுச் சமவெளியைக் கடந்து, பின்பு 100 கிலோமீட்டருக்கும் நீண்ட குழாய் வழியே மேடேறி எங்களிடம் வருகின்றது! ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர் மாவட்டங்களில் 1,045 ஏரிகளையும் குளங்களையும் குட்டைகளையும் நிரப்புவதே இத்திட்டத்தின் நோக்கம்.

"ஆண்டுக்கு ஒன்றரை ஆயிரம் மில்லியன் கன அடி நீரே இதற்கு ஒதுக்கப்பட்டுள்ளது. ஆற்றில் மிகுதி நீர் உள்ள நாள்களில்தான் அதுவும் கிடைக்கும். குளத்தில் நின்று மண்ணுக்குள் இறங்கும் அந்நீரை எல்லோரும் ஆயிரம் அடித் துளையிட்டு உறிஞ்சினால் என்ன மிஞ்சும்?" என்று ஆசிரியர் வினவினார். தேவாலாக் குழியின் முன் நின்றவர்களுக்கு அக்கேள்வியின் பொருள் எளிதில் விளங்கிற்று.

வீட்டுக்கு வந்ததும் நான் கண்டவற்றை எல்லாம் என் பெற்றோரிடம் கூறினேன். இலண்டன் செல்வர் அளந்து பாராமல் ஆலை கட்டியதைச் சொல்லும்போது என் தந்தையார் தலைகுனிந்து கேட்டார். நான்காவது துளைக்கு நாள் குறித்திருந்தனர் என்பது எனக்கு அப்போது தெரியாது. வெகுநேரம் பேசாதிருந்த அவர், "நிலத்தடி நீரை ஆராய்ந்து சொல்பவரை முதலில் கேட்போம். தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக் குட்டை வெட்டி, பெய்கிற மழையைத் தேக்குவோம்" என்றார். என் தாயார் ஒன்றும் கூறவில்லை. தம் காதில் எஞ்சியிருந்த தோட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு அடுக்களைக்குச் சென்றார்.

கோடையில் நாங்கள் மூவரும் சேர்ந்து அக்குட்டையை வெட்டினோம். அது ஆழமானதன்று; ஆள் உயரத்துக்குச் சற்று மிகுதி. சித்திரையில் பெய்த முதல் மழையில் அதன் அடியில் முழங்கால் அளவு கலங்கல் நீர் நின்றது. மாலை வெயில் அந்நீரின்மேல் பட்டபோது அது பொன்னிறமாகத் தோன்றிற்று. தேவாலா முதியவர் அதனைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.